மரம் எரிந்த அன்று அலேரின் எங்கே இருந்தாள்

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டில் டெல்ட்ராஸில் என்ற உலக மரம் எரிந்தபோது, என் கேரக்டர் அலேரின் அங்கே இல்லை. மனிதர்களின் தலைநகரான ஸ்டார்ம்விண்ட் துறைமுகத்தில் ஒரு கப்பலின் பக்கப் பலகைக்குத் தார் பூசிக்கொண்டிருந்தாள். சொல்வதற்கு ஒரே வரிதான். அந்த வரியை முடிவு செய்ய எங்கள் குழுவில் விடிய விடியப் பேசினோம். அன்று அப்படி முடிவு செய்ததால்தான் அவளைப் பற்றி இன்றைக்கும் எழுத எனக்கு விஷயம் இருக்கிறது. ஏன் அப்படி என்று எழுதிப் பார்க்கிறேன்.

விளையாட்டு தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2004 நவம்பரில் வந்த இணைய விளையாட்டு. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் ஒரே உலகத்துக்குள் நடமாடுவார்கள். முக்கால்வாசிப் பேர் சண்டை போட வருகிறார்கள். எங்களைப் போன்றவர்கள் வாழ்ந்து பார்க்க வருகிறோம். ஒரு கேரக்டரை உருவாக்கி, அவளுக்கு ஊர், தொழில், உறவு, கோபதாபம் எல்லாம் கொடுத்து, உள்ளே நுழைந்தால் அவளாகவே பேசுவோம். ரோல்பிளே, சுருக்கமாக ஆர்பி. ஐரோப்பாவில் ஆர்ஜென்ட் டான் என்ற சர்வர் இதற்குப் பேர்போனது. நான் அங்கேதான் இருக்கிறேன். அவர்களுக்குக் கோடையில் ராத்திரி எட்டு மணி என்றால் பந்தலூரில் பதினொன்றரை. ஜூலையில் எங்கள் பக்கம் பெய்யும் மழை தெரிந்தவர்களுக்கு மீதியைச் சொல்ல வேண்டாம்; தேவாலா, பந்தலூர்க்காரர்களுக்கு ஊட்டியே காய்ந்த ஊர். கரண்ட் போகும், நெட் போகும். அதனால் விளையாட்டுக்கு வெளியே டிஸ்கார்டில் ஓர் இடம் வைத்துக்கொண்டு அங்கே தமிழிலேயே காட்சிகளை எழுதுகிறோம். உண்மையான வேலை அங்கேதான் நடக்கிறது. குன்னூரில் தேயிலை ஃபேக்டரியில் ராத்திரி ஷிஃப்ட் பார்க்கும் ஓர் அண்ணன், கோத்தகிரியிலிருந்து ஒரு தம்பி, சென்னையில் ஒரு தங்கச்சி, இன்னும் இரண்டு மூன்று பேர். அவர்கள் பெயர்களை இங்கே போடவில்லை. கேரக்டர்களின் பெயர் போதும்.

இந்த உலகத்தில் நாங்கள் மட்டும் கதை எழுதுவதில்லை. விளையாட்டை நடத்தும் நிறுவனமும் எழுதுகிறது. சுமார் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புது விரிவாக்கம், அதாவது விளையாட்டின் அடுத்த பெரிய பாகம், வரும். அதோடு ஒரு போரோ, ஒரு ராஜாவின் சாவோ, ஒரு நகரத்தின் அழிவோ வரும். நம்மைக் கேட்டு வராது. நாம் மாதக்கணக்கில் கட்டிய கடை இருந்த தெருவே ஒரு அப்டேட்டில் காணாமல் போகலாம். அந்தப் பெரிய கதையை நம் சின்னக் கதைக்குள் எப்படி விடுவது என்பதில் ஆர்பி செய்கிறவர்களுக்குள் சண்டை ஓய்ந்ததே இல்லை. எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு. நம் கேரக்டர் எவ்வளவு பெரியவளோ அந்த அளவுக்குத்தான் அந்தச் சம்பவம் அவளிடம் வர வேண்டும். அவள் கண்ணுக்கு எட்டியது, காதுக்கு வந்தது, அவள் கூலியில் குறைந்தது, அவள் வீட்டில் காணாமல் போனது. அதற்கு மேல் ஒரு அங்குலம்கூடக் கூடாது.

அலேரின் நைட் எல்ஃப் இனத்தவள்; எரிந்த மரத்தின் மேல்தான் அவர்கள் தலைநகரம் இருந்தது. படகு கட்டுகிற, பழுது பார்க்கிற தச்சு வேலைக்காரி. அவள் பழைய கதையை நான் 2010இலிருந்து தொடங்கினேன். அந்த வருடம் நவம்பரில், கேட்டக்ளிஸம் விரிவாக்கத்துக்கு முன்னால், டெத்விங் என்ற கறுப்பு டிராகன் பூமியைப் பிளந்துகொண்டு வெளியே வந்ததில் உலகத்தின் வரைபடமே மாறியது. டார்க்‌ஷோர் கடற்கரையில் ஆபர்டைன் என்று ஒரு துறைமுக ஊர் இருந்தது, அது அழிந்தது. தப்பியவர்கள் வடக்கே லோர்டானெலில் ஒதுங்கினார்கள். அதுவரை ஆபர்டைனுக்கு வந்துபோன ஸ்டார்ம்விண்ட் கப்பல், அதற்குப் பிறகு டெல்ட்ராஸில் மரத்தின் அடியில் இருக்கும் ருத்தெரான் கிராமத்துக்கு வர ஆரம்பித்தது. நான் விளையாட வந்தது இதற்கெல்லாம் பிறகு. ஆனாலும் எனக்குத் தேவையானது அந்தக் கப்பல் பாதைதான். ஆபர்டைனில் பட்டறை போனவள், ருத்தெரானில் வேலை தேடி வந்தாள், அந்தக் கப்பலிலேயே தச்சு வேலைக்குச் சேர்ந்தாள். டெத்விங்கை அவள் பார்த்ததில்லை. ஒரு நாள் கடல் பின்வாங்கியதையும், திரும்பி வந்தபோது பட்டறையை எடுத்துக்கொண்டு போனதையும்தான் பார்த்தாள். அவள் தம்பி தெல்வான் மரத்தின் மேலே டார்னாசஸ் நகரத்தில், கோயிலுக்கு எண்ணெய் விளக்கு பராமரிக்கிறவன்.

இப்படி ஒருத்தியைக் கட்டி வைத்திருந்தபோதுதான் 2018 ஜூலைக் கடைசி வந்தது. எதிர்த்தரப்பான ஹோர்டின் தலைவி சில்வானாஸின் படை டார்க்‌ஷோர் வரை வந்து, உலக மரமான டெல்ட்ராஸிலையே கொளுத்தியது. மரம் என்றால் உச்சியில் ஒரு நகரத்தையே தாங்கி நின்ற மரம். கடலுக்கு நடுவில் அது எரிந்ததை விளையாடிய யாரும் மறக்க மாட்டார்கள்.

அந்தச் சமயத்தில் விளையாட்டு ஒரு வேலை கொடுத்தது. எரிகிற டார்னாசஸுக்குள் போக வேண்டும். உள்ளே 982 பேர் இருக்கிறார்கள், நேரம் மூன்று நிமிடம், முடிந்தவரை காப்பாற்று. யாராலும் முடியாது. எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் ஒரு சிலரை வெளியே அனுப்புவதற்குள் நேரம் முடிந்துவிடும், புகை நம்மையே சாய்த்துவிடும். திரையின் ஓரத்தில் அந்த 982 அப்படியே நிற்கும். அந்த விளையாட்டு எழுதிய சிறந்த காட்சி அதுதான் என்பேன். ராட்சதர்களைக் கொன்று குவித்த வீரனிடம், உன் கை இவ்வளவுதான் நீளம் என்று காட்டியது.

ஆனால் அதற்கு மறுநாள் ஸ்டார்ம்விண்ட் சத்திரத்தில் உட்கார்ந்தால் என்ன கேட்டது தெரியுமா? நானும் அங்கே இருந்தேன், நான் நூறு பேரைத் தூக்கி வந்தேன், சில்வானாஸ் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். மேஜைக்கு மேஜை இதே கதை. எல்லாரும் காப்பாற்றியவர்கள் என்றால் செத்தவர்கள் யார்? எல்லாரும் நடுவில் நின்றவர்கள் என்றால் ஓரத்தில் நின்று கேள்விப்பட்டவர்கள் எங்கே? ஒரு நகரம் எரிந்த துக்கம் அந்தச் சத்திரத்தில் எங்கேயும் இல்லை. எனக்கு நிஜமாகவே மனது வலித்தது.

எங்கள் குழுவிலும் அதே பேச்சு வந்தது.

"அக்கா, அலேரின மரத்து மேலயே வைங்க. அப்பத்தான் சீன் பெருசா இருக்கும்" என்றான் கோத்தகிரித் தம்பி.

"மேல இருந்தா அவ செத்திருக்கணும்டா. அவளுக்கு என்ன பலம் இருக்கு? தச்சு வேலை செய்யறவ."

"அப்ப தெல்வான்?"

"அவன் மேலதான் இருந்தான்."

சிறிது நேரம் யாரும் எதுவும் டைப் செய்யவில்லை. பிறகு குன்னூர் அண்ணன் எழுதினார்: "அப்ப இவளுக்கு யாரு வந்து சொல்வா? அதுதான் நம்ம சீன்."

எனக்கு இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், எங்கள் அப்பாயியிடமிருந்துதான். அப்பாயி இலங்கையில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். 1964 அக்டோபர் 30 அன்று டெல்லியில் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்துப் போட்டார்கள். மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று ஒப்பந்தம். 1974இல் இந்திரா காந்தி காலத்தில் அந்த மீதியையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத் தமிழக அரசு நீலகிரியில் தேயிலை நட்டது, அது டான்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகம் ஆனது, எங்கள் பக்கத்து லயங்கள், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகள், எல்லாம் அப்படி எழுந்தவை. புத்தகத்தில் இருப்பது இது.

அப்பாயி சொல்லும் கதையில் இரண்டு பிரதமர்களும் வந்ததே இல்லை. அதில் ஓர் அம்மிக்கல் வரும். அப்பாயியின் தங்கை வீட்டுக்காரர் அந்தப் பக்கம் எழுதிக் கொடுத்தார், தாத்தா இந்தப் பக்கம் எழுதிக் கொடுத்தார். ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராவில் இருந்த இரண்டு குடும்பம். கப்பலுக்குக் கனமாகிவிடும் என்று அம்மியைத் தங்கையிடம் விட்டுவிட்டு வந்தார்கள். தலைமன்னாருக்கு ரயில், அங்கிருந்து ராமேஸ்வரத்துக்குக் கப்பல், மண்டபம் முகாமில் வரிசை, பிறகு லாரியில் மலை ஏற்றம். கப்பலில் பிள்ளைகளைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டே வந்தாராம். பந்தலூரில் இறங்கியதும், "இங்கயும் கொழுந்துதான், ஆனா மழை ஜாஸ்தி" என்று தாத்தாவிடம் சொன்னாராம். ஐந்து லட்சம் பேரின் கதை அப்பாயிக்குள் இந்த அளவில்தான் நுழைந்தது. இந்த அளவில் நுழைந்ததால்தான் அது எங்கள் வீட்டில் இன்னும் ஆறவில்லை.

பகலில் நான் இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறேன். சாதிச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பட்டா என்று வருகிறவர்களில் யாரும் அரசாணை எண்ணைச் சொல்லித் தங்கள் கதையை ஆரம்பிப்பதில்லை. "எங்க மாமா அந்த வருஷம் கூடலூருக்கு வந்தப்ப" என்றுதான் ஆரம்பிப்பார்கள். இதை நாளெல்லாம் கேட்டுவிட்டு ராத்திரி போய் அலேரினை சில்வானாஸின் எதிரில் நிறுத்த எனக்கு எப்படி மனது வரும்?

அண்ணன் கேட்ட கேள்வியிலிருந்து காட்சியைக் கட்டினோம். முதல் அறிகுறி தீ இல்லை. ருத்தெரானிலிருந்து வர வேண்டிய கப்பல் வரவில்லை, அவ்வளவுதான். துறைமுகத்தில் இருப்பவர்களுக்கு அது எரிச்சல்; காற்று சரியில்லை என்பார் ஒருவர், டார்க்‌ஷோரில் சண்டையாம், பாதை அடைத்திருப்பார்கள் என்பார் இன்னொருவர். அலேரின் தார் பூசுவதை நிறுத்தவில்லை. தம்பியின் கேரக்டர் துறைமுகக் காவலன், மனித இனம். அவனுக்கு மட்டும் அரண்மனைப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் கேட்கிறது. மாயவாசல்கள் வழியாக ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள், உடம்பெல்லாம் கரி. அவன் ஓடி வந்து அலேரினிடம் சொல்லும் வரியைத் தம்பி பல தடவை அடித்து எழுதினான். கடைசியில் வந்தது இது: "உங்க ஊர் ஆளுங்க வந்திருக்காங்க. நீ கொஞ்சம் வா." மரம் எரிந்தது என்று அவன் சொல்லவே இல்லை. சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

குன்னூர் அண்ணனின் கேரக்டரை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். அவர் கில்னியஸ் நாட்டுத் தையல்காரர், பெயர் ஆல்பர்ன். கில்னியஸ் 2010இல் விழுந்தது. ஓநாய்ச் சாபம் பிடித்த அந்த மக்கள் கடல் கடந்து வந்தபோது இடம் கொடுத்தது டார்னாசஸ். நகரத்துக்குள் அவர்களுக்கென்று ஒரு பெரிய ஓக் மரமே இருந்தது. அப்படியென்றால் 2018இல் அவர்கள் இரண்டாவது முறையாக எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடினார்கள். அதிகாரப்பூர்வக் கதை நைட் எல்ஃப் தலைவி டிராண்டேயின் கோபத்தையும் கில்னியஸ் ராஜா கென்னின் கோபத்தையும் நிறையக் காட்டியது. இரண்டு முறை அகதியான தையல்காரனைக் காட்ட அதற்கு நேரம் இல்லை. அந்த இடைவெளிதான் எங்களுக்குரிய இடம். ஆல்பர்ன் வாசலிலிருந்து வெளியே வந்தபோது அவர் கையில் கத்தரிக்கோல் மட்டும் இருந்தது. அலேரின் தெல்வானைப் பற்றிக் கேட்கிறாள். அவர் பதில் சொல்லவில்லை. உட்காரக் கொஞ்சம் இடம் கேட்கிறார். முதல் முறை ஊரை விட்டு வந்தபோது யாரும் உட்காரச் சொல்லவில்லை என்று அண்ணன் சேர்த்த ஒரே ஒரு வரி இன்னும் எனக்கு மனப்பாடம்.

இப்படிச் செய்யும்போது குழுவுக்குள் சில ஏற்பாடுகள் தேவை. அடுத்தவரின் உறவைக் கொல்லும் உரிமை யாருக்கும் கிடையாது. தெல்வான் இருக்கிறானா இல்லையா என்பதை நான் மட்டுமே முடிவு செய்வேன், எப்போது வேண்டுமானாலும். புது விரிவாக்கத்தை எல்லாரும் வாங்கி, அந்தக் காட்சியைப் பார்த்து முடிக்கும் வரை அதைக் கதைக்குள் கொண்டுவர மாட்டோம். காசு சேர்த்து வாங்குகிறவருக்காகக் காத்திருப்பதில் எந்தக் குறையும் இல்லை. சிடோர்மி என்று ஒரு பெண் டார்க்‌ஷோரில் நிற்பாள், காலத்தைக் காக்கும் டிராகன் இனம். அவளிடம் பேசினால் எரிவதற்கு முந்தைய மரத்தை மறுபடி பார்க்கலாம். புதிதாக வருகிறவர்கள் பழைய கதையை விளையாட அது தேவை. எங்கள் கேரக்டர்கள் அவளிடம் போகவே மாட்டார்கள். போக முடியும் என்றால் அப்புறம் எதற்கு அழுவது? ஆட்களாக, எங்கள் சொந்தப் பெயரில், ஒருமுறை எல்லாரும் சேர்ந்து போய் டார்னாசஸைச் சுற்றிப் பார்த்தோம். அது வேறு.

அப்புறம் வயிற்றுப்பாடு. பெரிய சம்பவத்தைக் கதைக்குள் இறக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. கப்பலுக்குப் போக ஊர் இல்லை, ஆகவே அலேரினுக்கு வேலை இல்லை. கேரக்டர் விவரம் காட்டும் டோட்டல் ஆர்பி 3 என்ற ஆட்-ஆனில் அவள் தொழில் என்ற வரியில் "ருத்தெரான் வழிக் கப்பல் தச்சு" என்று இருந்தது. அதை "துறைமுகக் கூலி" என்று மாற்றினேன். வேறு எதுவும் மாற்றவில்லை. சர்வரில் முன்பின் தெரியாத ஒருவர் அந்த வரியைப் பார்த்துவிட்டு வந்து, எதுவும் கேட்காமல், தன் கேரக்டர் கையால் அவளுக்கு ரொட்டி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். அதே விரிவாக்கத்தில் மனிதர்களும் எல்ஃப்களும் சேர்ந்த அலையன்ஸ் தரப்புக்குக் கடற்படை தேவைப்பட்டு குல் டிராஸ் தீவைச் சேர்த்துக்கொண்டார்கள். கப்பல்கள் வந்து குவிந்தன. தச்சு தெரிந்தவளுக்கு வேலை திரும்பக் கிடைத்தது, ஆனால் மனிதர்களின் கப்பலில், அவளுக்குப் பழக்கமில்லாத மரத்தில், பழிவாங்கப் புறப்படும் போருக்காக. அந்தத் தீவின் மந்திரக்காரி ஜெய்னாவின் கதையை விளையாட்டு விரிவாகச் சொன்னது. எங்களுக்கு அந்தக் கப்பல்களின் அடிப்பலகையே ஒரு வருடத்துக்குப் போதுமானதாக இருந்தது.

எதிர்த்தரப்பையும் விடவில்லை. சென்னைத் தங்கச்சியின் கேரக்டர் ஹோர்டின் தலைநகரான ஆர்கிரிமாரில் சமையல் செய்யும் ஓர் ஆர்க் பெண். விளையாட்டுக்குள் அப்போது இரண்டு தரப்பும் பேசினால் ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாதபடிதான் வைத்திருந்தார்கள். எங்கள் டிஸ்கார்டில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினோம். அங்கே அந்த நாள் வெற்றி நாளாக வருகிறது. படை திரும்புகிறது, பெரிய அண்டாவில் கறி வேகிறது, சாப்பிட வந்த வீரர்களில் ஒருவன் மட்டும் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகிறான். சமையல்காரிக்கு அதுதான் செய்தி.

2020 நவம்பரில் ஷேடோலேண்ட்ஸ் வந்தபோது கடினமான சோதனை. கதை செத்தவர்களின் உலகத்துக்குப் போனது. அதில் பெரும்பகுதியை நாங்கள் தொடவே இல்லை. மாவீரர்கள் மறுஉலகம் போய் வரட்டும், துறைமுகத் தச்சுக்காரி போக மாட்டாள். விரிவாக்கத்தின் பெயர் பெரிதாக இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் ஒரு விஷயத்தைத் தள்ள முடியவில்லை. டெல்ட்ராஸிலில் எரிந்தவர்களின் உயிர்கள் எல்லாம், எந்தத் தீர்ப்பும் இல்லாமல், மா என்ற நரகத்துக்குள் விழுந்தன என்று அந்தக் கதை சொன்னது. எனக்குத் தெரிந்துவிட்டது. அலேரினுக்குத் தெரியாது. தெல்வான் நிலாப் பெண் எலூனின் மடிக்குப் போயிருப்பான் என்று நினைத்துத்தான் அவள் அதுவரை தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஆட்டக்காரருக்குத் தெரிந்தது கேரக்டருக்குத் தெரியக்கூடாது என்பது ஆர்பியின் அடிப்படை. சாதாரணமாக அது ஒரு கட்டுப்பாடு. இங்கே அதுவே கதை ஆனது. துறைமுகக் காவலன் போய் வந்த படைவீரர்களோடு குடிக்கிறவன். அவன் காதில் விழுந்துவிட்டது. அவன் அவளிடம் சொல்வதா வேண்டாமா? தம்பி ஒரு மாதத்துக்கும் மேல் அவனை இழுத்தடித்தான். அவன் துறைமுகத்துக்கு வருவான், அவளிடம் எதையாவது பேசுவான், போய்விடுவான். அவள் கோபப்பட்டுக் கேட்டும் சொல்லவில்லை. கடைசியில் சொன்னது ஆல்பர்ன். கையிலிருந்த துணியைக் கீழே வைக்காமல், தைத்துக்கொண்டே சொன்னார். ஏற்கெனவே ஊர் போனவருக்குத்தான் அந்தச் செய்தியைச் சொல்லும் தைரியம் இருக்கும் என்று அண்ணன் கணித்தது முழுக்கச் சரி. அன்று ராத்திரி எழுதி முடித்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன், அதைச் சொல்ல எனக்கு ஒரு தயக்கமும் இல்லை. விளையாட்டில் சில்வானாஸ் பேசிய பக்கம் பக்கமான வசனம் எதுவும் என்னை அப்படி அசைக்கவில்லை.

கதையே பிடிக்கவில்லை என்றால் என்ன செய்வது என்று கேட்பவர்கள் உண்டு. மரத்தை எரித்ததே தேவையில்லாத வேலை, நாங்கள் ஏற்கமாட்டோம் என்று தனி டைம்லைன் போட்டுக்கொண்ட கில்டுகள், அதாவது ஆட்டக் குழுக்கள், உண்டு. அவர்கள் உரிமை. நான் அதைச் செய்ய மாட்டேன். எழுத்து நன்றாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தச் சம்பவம் சர்வரில் இருக்கும் எல்லாருக்கும் பொதுவாக நடந்தது. அதை ஏற்றதால்தான் அந்த ரொட்டி கொடுத்தவர் வந்தார். என் வீட்டுக்குள் மட்டும் எரியாத மரத்தை வைத்துக்கொண்டால், வெளியே இருக்கிறவர்களோடு எனக்குப் பேச ஒன்றும் இருக்காது.

மற்ற விளையாட்டுகளும் இதைத்தான் வேறு வேறு விதத்தில் கொடுத்திருக்கின்றன. ஃபைனல் ஃபேன்டஸி 14இன் முதல் பதிப்பு 2012 நவம்பரில் மூடப்பட்டபோது, சந்திரன்போல் வானத்தில் தொங்கிய டலமுட் விழுந்து உலகம் அழிவதாகவே காட்டி மூடினார்கள். 2013 ஆகஸ்டில் புதுப் பதிப்பு திறந்தபோது கதைக்குள் ஐந்து வருடம் போயிருந்தது. ஆர்பி செய்கிறவர்களுக்கு அதைவிடப் பெரிய கொடை இல்லை. அந்த ஐந்து வருடத்தில் உன் கேரக்டர் எங்கே தங்கினாள், எதைச் சாப்பிட்டாள்? நிறுவனம் எழுதாமல் விட்ட வருடங்கள் நம்முடையவை. கில்டு வார்ஸ் 2இல் 2014 பிப்ரவரியில் லயன்ஸ் ஆர்ச் நகரம் தாக்கப்பட்டு நாசமானது. 2015 நடுவில் திரும்பக் கட்டும் வரை அந்த இடிபாடு அப்படியே கிடந்தது. ஒரு வருடத்துக்கு மேல் இடிந்த ஊருக்குள் ஆட்கள் நடந்துபோக வேண்டியிருந்தது. வார்கிராஃப்ட்டிலும் ஷேடோலேண்ட்ஸுக்கும் அடுத்த விரிவாக்கமான டிராகன்ஃப்ளைட்டுக்கும் நடுவில் சில வருடங்கள் தாண்டிவிட்டார்கள். அந்தச் சில வருடத்தில்தான் அலேரின் சொந்தமாக ஒரு சின்னப் பட்டறை வைத்தாள்.

இப்போது எங்களுக்குள் நடக்கும் வாதம் வேறு மாதிரி. மறுஉலகத்தின் குளிர்கால ராணி டிராண்டேயிடம் கொடுத்த விதையிலிருந்து 2023 நவம்பரில் ஆமிர்ட்ராஸில் என்ற புது மரம் நம் உலகத்துக்கு வந்தது. 2024 ஜனவரியில் அதன் கீழே பெலமெத் என்ற ஊர் திறந்தார்கள். அதே அப்டேட்டில் கில்னியஸும் மீண்டது. அங்கே உட்கார்ந்திருந்த ஸ்கார்லெட் என்ற மதவெறிப் படையை விரட்ட, ஒருகாலத்தில் அந்த ஊரைப் பிடுங்கிய ஃபோர்சேக்கன் என்ற, சாவிலிருந்து எழுந்தவர்களின் கூட்டமே உதவிக்கு வந்தது. ராஜா கென் கிரீடத்தை மகள் டெஸ்ஸிடம் கொடுத்தார். விளையாட்டு இதைச் சில மணி நேரத்தில் முடித்துவிட்டது. பிடுங்கியவன் கையால் ஊரைத் திரும்ப வாங்கிக்கொள்வதை ஒரு தையல்காரன் எப்படி எடுத்துக்கொள்வான்? அண்ணன் இதை இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார். ஆல்பர்ன் கில்னியஸுக்குப் போய்விட்டார். பழைய வீட்டுக் கதவைத் திறந்து கொடுத்தது ஒரு ஃபோர்சேக்கன். நன்றி சொல்வதா, சாவியை அவன் கையிலிருந்து பிடுங்குவதா என்ற இடத்தில் காட்சி நிற்கிறது.

அலேரின் பெலமெத்துக்குப் போக வேண்டும் என்று தம்பி அடம் பிடிக்கிறான். "உங்க ஊரு அக்கா அது, எல்லா எல்ஃபும் அங்கதான் போறாங்க. இவ மட்டும் ஏன் இங்க?" என்கிறான். அவள் போகவில்லை. அவளுக்கு இப்போது ஸ்டார்ம்விண்டில் பட்டறை இருக்கிறது, இரண்டு பையன்கள் வேலை கற்றுக்கொள்கிறார்கள், கொடுக்க வேண்டிய கடன் இருக்கிறது. புது மரம் தெல்வான் விளக்கு ஏற்றிய மரம் இல்லை. ஆனால் பெலமெத் துறைக்குப் படகு தேவைப்படும் அல்லவா? முதல் படகுக்கான ஆர்டரை எடுத்திருக்கிறாள். முன்பணம் வாங்கிவிட்டாள். படகைக் கொண்டுபோய் ஒப்படைக்க அவள் போவாளா, அந்தப் பையன்களில் ஒருவனை அனுப்புவாளா என்பதை அடுத்த வாரம் எழுதுகிறோம். அண்ணனுக்கு ராத்திரி ஷிஃப்ட் இல்லாத நாளாகப் பார்த்து வைத்திருக்கிறோம்.